கியர் விழாத புது வண்டி: ஆறு கியர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

முதலில் வண்டியைப் பற்றி. இரண்டு கதவு, முன்னால் என்ஜின், பின் சக்கரத்தில் இழுவை, ஆறு கியர் மேனுவல். வாங்கி 7 மாதம். எங்கள் பட்டறைக்கு வந்த அன்று மீட்டரில் 6,412 கிலோமீட்டர். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரிந்துவிடும்.

உரிமையாளர் திருப்பூரில் பனியன் தொழில் செய்பவர், 32 வயது. வீட்டில் இன்னும் இரண்டு கார்கள், இரண்டும் ஆட்டோமேட்டிக். "கையில கியர் போட்டு ஓட்டோணும்னுதானுங்ணா இதை எடுத்தேன். இப்ப அந்தக் கியர்தான் விழுகமாட்டீங்குது" என்று சொல்லிச் சாவியை மேசைமேல் வைத்தார். கோவை சிங்காநல்லூர் பக்கம் இருக்கிற எங்கள் பட்டறைக்கு இந்த மாதிரி வண்டி வருவது ஆடிக்கு ஒன்று, அமாவாசைக்கு ஒன்று. அதனாலேயே ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். இது அந்த நோட்டிலிருந்து எடுத்தது.

புகார்

அவர் சொன்னது மூன்று விஷயம். காலையில் வண்டியை எடுத்ததும் ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போட்டால் லீவர் பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பத்து நிமிஷம் ஓடினால் பரவாயில்லை. அடுத்தது, வண்டி சூடான பிறகு நின்ற இடத்தில் முதல் கியர் விழுவதில்லை, ரிவர்ஸ் போட்டால் பல் கடிக்கிறது. மூன்றாவது, என்ஜினை நிமிஷத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் முறுக்கி இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாகத் தள்ளினால் 'கர்ர்' என்று ஒரு சத்தம், உள்ளங்கை வரைக்கும் அதிர்வு.

வண்டி வாங்கிய ஷோரூமுக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். முதல் தடவை, "இந்த மாடலுக்குக் கியர் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும், பத்தாயிரம் ஓடினா இளகிரும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ஒரு எரர் கோடும் (பழுதைக் காட்டும் குறியீடு) இல்லை என்று பேப்பர் கொடுத்தார்கள். எரர் கோடு எப்படி வரும்? கிளட்ச் முழுசாகக் கட் ஆகிறதா, அதாவது என்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரிக்கிறதா என்று சொல்ல இந்த வண்டியில் சென்சார் கிடையாது. பெடலை மிதித்தார்களா இல்லையா என்று சொல்ல ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அவ்வளவுதான். மிதித்தது போதுமா என்று அதற்குத் தெரியாது.

நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: கடைசியாக எப்போது மிக மோசமாக இருந்தது? திம்பம் மலைப்பாதையைச் சொன்னார். பண்ணாரியிலிருந்து மேலே 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏதோ ஒரு வளைவில் பெரிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்க, இவர் ஏற்றத்தில் பின்னால் நின்றிருக்கிறார். லாரி நகர்ந்தது. இவருக்கு முதல் கியர் விழவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனை எடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் என்ஜினை அணைத்து, கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்திருக்கிறார்.

"ஸ்டார்ட் பண்ணறப்ப வண்டி சும்மா இருந்துச்சுங்களா?"

"இல்லீங்ணா. ஒரு முட்டு முட்டுச்சு. லாரிமேல போய் இடிச்சிருவனோன்னு பயந்துட்டேன்."

அந்த முட்டை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். கிளட்ச் முழுசாக மிதிபட்டிருந்தால், முதல் கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் செய்யும்போது வண்டி அசையக் கூடாது. என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. முட்டியது என்றால் இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஒட்டு இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

கியர் பெட்டிக்குள் எல்லா முன் கியர்களும் எப்போதும் பல்லோடு பல் கோத்துக்கொண்டேதான் சுற்றுகின்றன. நாம் லீவரைத் தள்ளும்போது நகர்வது ஸ்லீவ் என்கிற வளையம். அது போய் நமக்கு வேண்டிய கியரின் ஓரத்தில் இருக்கிற கூர்ப்பற்களைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் பிடிக்க முடியும். அந்த வேகத்தைச் சமன் செய்கிற வேலை சிங்க்ரோ ரிங்குடையது. கூம்பு வடிவத்தில் கியரின்மேல் உரசி, அதை இழுத்துப் பிடித்தோ முடுக்கியோ ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். வேகம் சேரும்வரை ஸ்லீவை முன்னே விடாது. லீவரில் நமக்குத் தெரிகிற அந்தத் தடை, ரிங் தன் வேலையைச் செய்வதுதான்.

எவ்வளவு வேலை என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டாவது கியர் விகிதம் 2.2, மூன்றாவது 1.5 என்று வைத்துக்கொள்வோம். 6,500 சுற்றில் மாற்றினால், அதே வேகத்தில் மூன்றாவதுக்குத் தேவை சுமார் 4,430 சுற்று. அதாவது இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றை அந்த ரிங் கண் இமைக்கும் நேரத்தில் குறைக்க வேண்டும். கிளட்ச் முழுசாகக் கட் ஆகியிருந்தால் ரிங் இழுத்துப் பிடிக்க வேண்டியது கிளட்ச் தட்டு, இன்புட் ஷாஃப்ட், அதோடு சுற்றுகிற கியர்கள், இவ்வளவுதான். கிளட்ச் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால்? அந்தச் சின்ன ரிங் மொத்த என்ஜினோடும் மல்லுக்கு நிற்க வேண்டும். தோற்கும். தோற்கும்போதெல்லாம் தேயும்.

முதல் நாளும் என் தவறும்

என்ஜினை அணைத்துவிட்டு ஆறு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக விழுந்தது. லீவர், ராடு, ஃபோர்க் இவற்றில் பெரிய கோளாறு இல்லை. என்ஜின் ஓட, வண்டி குளிர்ந்திருக்கும்போதும் ரிவர்ஸ் விழுந்தது. சரி, சூடாக்கிப் பார்ப்போம் என்று அவினாசி சாலையில் கிளம்பினோம். மேம்பாலத்தில் ஏறாமல் வேண்டுமென்றே கீழே, ஹோப் காலேஜிலிருந்து லட்சுமி மில்ஸ் வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடியும் போய். சாயங்கால நேரம், முக்கால் மணி ஆனது. பீளமேட்டுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி ரிவர்ஸ் போட்டேன். கடித்தது.

அங்கேயே செய்த சோதனை: நியூட்ரலில் வைத்து, கிளட்சை அடிவரை மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ். கிளட்ச் சரியாகக் கட் ஆகியிருந்தால் அந்த ஐந்து நொடியில் உள்ளே சுற்றுவதெல்லாம் ஆயிலின் இழுப்பிலேயே நின்றுவிடும், சத்தமில்லாமல் விழும். எண்ணிய பிறகும் கடித்தால், உள்ளே எதையோ என்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடித்தது. பத்து எண்ணினேன். அப்போதும் கடித்தது.

ஆகக் கிளட்ச்தான். இதுவரை சரி. ஆனால் அடுத்த எட்டில் நான் சறுக்கினேன். கிளட்ச் தட்டு கோணியிருக்கும், பிரஷர் பிளேட்டில் ஏதோ இருக்கும் என்று முடிவு கட்டி, "கியர் பாக்ஸை இறக்கித்தான் பாக்கோணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வாரண்டியில் இருக்கிற வண்டி. இறக்கியிருந்தால் பெரிய வம்பில் மாட்டியிருப்பேன்.

மேட்

மறுநாள் காலை எங்கள் பையன் வண்டியைத் துடைத்து, உள்ளே தூசி உறிஞ்சிவிட்டு, லிஃப்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கியவன், "அண்ணா, நேத்து கியர் விழுகலைன்னீங்க? வெண்ணெயாட்டம் விழுகுதே" என்றான். சும்மா இரு, வண்டி குளிர்ந்திருக்கிறது என்றேன். "இல்லீங்ணா, அரை மணி நேரமா ஏசி போட்டு ஸ்டார்ட்லதான் வெச்சிருந்தேன். ரிவர்ஸ்லதான் உள்ள கொண்டாந்தேன்."

மேட் வெளியே சுவரோரம் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி எடுத்த வாரமே கடையில் போட்ட 7டி மேட். பஞ்சு, தோல், அடியில் ரப்பர் என்று நல்ல கனம். அதன்மேல் அழுக்குப் படாமல் இருக்க ஒரு புல் மேட். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் விரல் கனத்துக்கு மேல் இருந்தது. கிளட்ச் பெடலுக்கு நேர் கீழே மேட் மேடாக எழும்பி, பெடலின் அடி விளிம்பு பதிந்த தடம் பிறை மாதிரி தெளிவாகத் தெரிந்தது. ஏழு மாதமாகப் பெடல் தரையைத் தொட்டதே இல்லை, மேட்டைத்தான் தொட்டிருக்கிறது.

இதற்குப் பிறகுதான் முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய ஸ்கேலை எடுத்தேன். மேட் இல்லாமல் பெடல் மேலிருந்து இரும்புத் தரைவரை போகிற தூரம் 148 மில்லிமீட்டர். மேட்டோடு 126. ஆக மேட் தின்றது 22 மில்லிமீட்டர். அடுத்து, கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கிற இடம்: பெடலை மெல்ல விடும்போது வண்டி முதல் அசைவு அசைகிற புள்ளி. குளிர்ந்திருக்கும்போது அது தரையிலிருந்து 34 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. நன்றாகச் சூடான பிறகு 15.

இந்த இரண்டு எண்களையும் மேட்டின் 22-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிரில் பெடல் 22-இல் நிற்கிறது, கிளட்ச் பிடிப்பது 34-இல். நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி, கியர் விழுந்துவிடும். சூட்டில் கிளட்ச் பிடிக்கும் புள்ளி 15-க்கு இறங்கிவிடுகிறது, பெடலோ 22-லேயே நிற்கிறது. எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் கட் ஆகாது. காலுக்கு மட்டும் அடிவரை மிதித்த மாதிரியே இருக்கும்.

மேட்டை மறுபடி போட்டு ஓட்டினோம், கடித்தது. எடுத்தோம், விழுந்தது. மூன்று தடவை இப்படி. அவருக்குப் போன் செய்து சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏனுங்ணா, மேட்டா?" என்றார். மேட்டின் விலையையும் சொன்னார், இங்கே வேண்டாம்.

பாதி வேலைதான் முடிந்தது

எனக்கு உறுத்தியது அந்த 34-உம் 15-உம். ஹைட்ராலிக் கிளட்சில் சூட்டினால் புள்ளி கொஞ்சம் நகரலாம். 19 மில்லிமீட்டர் நகர்ந்தால் அது கோளாறு. குளிர்ந்த நிலையில் 34 என்பதே புது வண்டிக்குத் தாழ்வு.

ஆகவே மேட் இல்லாமல் திம்பத்துக்கே வண்டியைக் கொண்டுபோனோம். அவினாசி, புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி. அவர் ஓட்ட, நான் பக்கத்தில். ஏறும்போது லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பாதிக் கிளட்சில் நின்று நின்று போகும்படி ஆனது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். இருபதாவது வளைவு வாக்கில் முதல் கியர் மறுபடி முரண்டு பிடித்தது. "பெடலை மூணு தடவை பம்ப் பண்ணிட்டுப் போடுங்க தம்பி" என்றேன். போட்டார், விழுந்தது. பம்ப் செய்தால் சரியாகிறது என்றால் பைப்புக்குள் காற்று இருக்கிறது.

காற்று செய்வது இதைத்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும், அந்த எண்ணெய் கியர் பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரை நகர்த்தும், அது கிளட்சை விடுவிக்கும். எண்ணெய் நசுங்காது, காற்று நசுங்கும். மிதித்த மிதியில் ஒரு பங்கு குமிழை நசுக்கவே போய்விடும். பெடல் மேலே இருக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் வாய் எண்ணெய் டப்பாவைப் பார்த்துத் திறந்தே இருக்கும். குமிழ் சூட்டில் உப்பினால் அந்த அளவு எண்ணெயை டப்பாவுக்கே திருப்பித் தள்ளிவிடும். அடுத்த மிதியில் நசுங்குவதற்கு இன்னும் பெரிய குமிழ் காத்திருக்கும். இந்த வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி, கிளட்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. மலையில் பாதிக் கிளட்ச் சூடு முழுக்க அதன்மேல்தான்.

புது வண்டியில் காற்று எங்கிருந்து வந்தது? இங்கேதான் செட்டிபாளையம் வருகிறது. 2,000 கிலோமீட்டர் ஆவதற்குள்ளேயே வண்டிக்காரத் தம்பி அங்கே இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு நாள் ஓட்டியிருக்கிறார். பார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் பெயரில் இருக்கிற டிராக். 2005-இல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம் ஊர்க்காரர். இங்கே பையன்களுக்கு அந்த ஆசை வருவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டிராக்குக்குப் போவதற்கு முந்தின நாள் ஒரு வெளிக்கடையில் பிரேக் எண்ணெயை மாற்றியிருக்கிறார். பந்தயத்துக்கு அதிகச் சூடு தாங்குகிற டாட் 4 எண்ணெய் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம்.

இந்த வண்டியில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் டப்பா ஒன்றுதான். கிளட்சுக்குப் போகிற குழாய் டப்பாவின் பக்கவாட்டில், பிரேக் குழாய்களைவிட உயரத்தில் இருக்கும். கிளட்சில் கசிவு வந்தாலும் பிரேக்குக்கு எண்ணெய் மிஞ்ச வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் பிரேக் எண்ணெய் மாற்றுகிறவர் டப்பாவில் அளவு இறங்குவதைக் கவனிக்காவிட்டால், முதலில் காற்றை விழுங்குவது கிளட்ச்தான். பிரேக் கல் மாதிரி நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

கிளட்ச் லைனில் ஏர் எடுத்தோம். பெடலை மிதித்து விடுகிற பழைய முறையில் இந்த வகை ஸ்லேவில் முழுசாக வராது. டப்பா பக்கத்திலிருந்து அழுத்தம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கிக்கொண்டு வந்தது. கால் லிட்டருக்கு மேல் விட்ட பிறகுதான் குமிழ் இல்லாமல் இறங்கியது. பிறகு அளந்ததில் கிளட்ச் பிடிக்கும் புள்ளி குளிரில் 58 மில்லிமீட்டர், அதே அவினாசி சாலை நெரிசலுக்குப் பிறகு 54. திம்பத்துக்கு மறுபடி போனோம். எல்லா வளைவிலும் கியர் விழுந்தது. இறங்கி வந்து சத்தியில் டீ குடித்தோம்.

இந்த மாதிரி வண்டிகளில் கிளட்ச் லைனில் எண்ணெய் மெதுவாகத் திரும்புவதற்கு ஒரு சின்ன அடைப்பான் இருக்கும். கியர் பிரச்சினை என்றாலே அதைப் பிடுங்கிப் போடு என்று சொல்கிறவர்கள் நிறைய. நான் தொடவில்லை. அது தாமதப்படுத்துவது கிளட்ச் திரும்பப் பிடிப்பதை. கட் ஆவதற்கும் அதற்கும் இங்கே சம்பந்தம் இல்லை.

மூன்றாவது கியர்

இரண்டாவது புகார் தீர்ந்தது. மூன்றாவது அப்படியே இருந்தது. கிளட்ச் சுத்தமாகக் கட் ஆகியும் 6,000-க்கு மேல் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட்டால் 'கர்ர்'.

எங்கள் பட்டறைக்கு எதிர் டீக்கடையில் தினமும் வந்து உட்காருகிற பெரியவர் ஒருவர் உண்டு. சங்ககிரி லாரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியவர். சிங்க்ரோ என்பதே இல்லாத பெட்டிகளைக் கையாண்டவர். ஒரு வாரமாக இந்த வண்டி வருவதும் போவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்று எழுந்து வந்து கேட்டார். சொன்னேன். "ஏங்கண்ணு, டபுள் கிளட்ச் அடிச்சுப் பாத்தியா?" என்று உரிமையாளரைக் கேட்டார். அவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. "நீங்களே காட்டுங்கய்யா" என்று சாவியை நீட்டிவிட்டார். பெரியவர் செருப்பைக் கழற்றித் தரையில் ஜோடியாக வைத்துவிட்டு வெறும் காலோடு ஏறினார்.

நீலாம்பூர் பைபாஸில் ஏறினோம். மீட்டர் 6,000-ஐத் தொட்டதும் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்தார். கிளட்சை விட்டார். என்ஜின் சுற்று இறங்குவதைக் காதாலேயே அளந்தார். மறுபடி மிதித்து மூன்றாவதைப் போட்டார். இரண்டு விரலில் விழுந்தது, சத்தமே இல்லை. மூன்று தடவையும் அப்படியே. பிறகு நான் சாதாரணமாக ஒரே மிதியில் போட்டேன். மூன்று தடவையும் கடித்தது. "இந்தப் பல்லுல ஒண்ணுமில்லீங்க. வேகம் சேத்தி வெக்கறதுதான் வேல செய்யல" என்றார் பெரியவர். 1928-இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வருவதற்கு முன்னால் உலகம் முழுக்கக் கார் ஓட்டியவர்கள் இந்த வேலையைக் காலாலும் காதாலும்தான் செய்தார்கள். ரிங் செய்ய வேண்டியதைப் பெரியவர் தன் காலால் செய்தார், கியர் விழுந்தது. ஆகப் பழுது ரிங்கில்.

ஆயிலை இறக்கினோம். பிளக்கில் இருக்கிற காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தது, அது சாதாரணம். ஆனால் ஆயிலை வெள்ளை மக்கில் பிடித்து வெயிலில் காட்டியபோது உள்ளே தங்கத் தூள் மாதிரி மினுங்கியது. பித்தளை. அதைவிட, ஆயில் கனமாக இருந்தது, மூக்கில் ஏறுகிற கந்தக வாடை. இந்த வாடை எங்களுக்குத் தெரியும், டிஃபரன்ஷியலில் ஊற்றுகிற கிரௌன் ஆயில் வாடை.

"தம்பி, இதுல வேற ஆயில் ஊத்துனீங்களா?"

கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். ஷோரூமில் முதல் தடவை கைவிரித்த பிறகு, கனமான ஆயில் ஊற்றினால் கியர் மெத்தென்று விழும் என்று நண்பர் ஒருவர் சொல்ல, வெளியில் மாற்றியிருக்கிறார். வண்டியின் கையேடு கேட்பது 75டபிள்யூ கனத்தில் ஜிஎல்-4 (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தர வகை). ஊற்றியிருந்தது 80டபிள்யூ-90, ஜிஎல்-5. சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலுக்கு அருமையான ஆயில். ஜிஎல்-5-இல் அழுத்தம் தாங்குவதற்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பித்தளை ரிங்குக்கு அதில் பல ஆயில்கள் ஆகாது. அதோடு ரிங் உரசித்தான் வேலை செய்கிறது, வழுவழுப்பு கூடினால் உரசல் குறையும். கையேட்டிலேயே ஜிஎல்-5 கேட்கிற பெட்டிகளும் உண்டு, அவற்றின் ரிங் வேறு. இந்தப் பெட்டி கேட்கவில்லை.

முதல் புகாருக்கும் பாதி விடை இதில் கிடைத்தது. குளிர்ந்த கனமான ஆயில் ரிங்குக்கும் கூம்புக்கும் நடுவில் படலமாக நிற்கும். அதை வெட்டி வெளியேற்றத்தான் ரிங்கின் உள்பக்கம் நுண்ணிய வரிகள் இருக்கின்றன. கனம் கூடினால் வெட்டுவதற்கு நேரம் ஆகும், அதுவரை லீவர் முட்டி நிற்கும். சரியான ஆயிலை ஊற்றிய மறுநாள் காலையிலேயே இரண்டாவது கியரில் முட்டல் பெருமளவு போய்விட்டது. மூன்றாவது கியர் சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பெட்டியைத் திறந்தபோது

வாரண்டி வண்டியை நான் திறக்க முடியாது. எல்லா அளவுகளையும் எழுதி ஷோரூமுக்கு அனுப்பச் சொன்னேன். ஆயில் மாற்றியதையும், டிராக்கில் ஓட்டியதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். அதில் அவருக்கு வருத்தம்தான். "எழுதினா தர மாட்டாங்கல்லங்ணா." எழுதாவிட்டால் திறந்த உடனே வாடையிலேயே தெரிந்துவிடும் என்றேன். மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் உதிரிபாகம் அவர்கள் பொறுப்பு, கூலி இவர் பொறுப்பு என்று முடிந்தது. பெட்டியைப் பிரிக்கிற அன்று என்னையும் பக்கத்தில் நிற்க விட்டார்கள், அந்த மனசுக்கு நன்றி.

மூன்றாவது கியரின் ரிங்கைக் கூம்பில் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவில் இடைவெளி அளக்கிற பீலர் கேஜ் விட்டார்கள். புது ரிங்கில் 1.1 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி இதில் 0.35. உள்வரிகள் தேய்ந்து பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஸ்லீவின் முனைகளில் மூன்றாவது கியர் பக்கம் மட்டும் லேசாக மழுங்கல். இரண்டாவது, நான்காவது ரிங்குகள் அளவுக்குள்ளேயே இருந்தன.

ஆயில்தான் முழுக் குற்றவாளி என்றால் எல்லா ரிங்கும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்க வேண்டும். மூன்றாவது மட்டும் போனதற்கு நான் கண்ட காரணம் அந்த ஒரு நாள் டிராக். சின்ன டிராக்கில் நாள் முழுக்க இரண்டும் மூன்றும்தான் மாறி மாறி. காலுக்கு அடியில் மேட், லைனில் முந்தின நாள் புகுந்த காற்று, கிளட்ச் பாதிதான் கட் ஆகிறது, அந்த நிலையில் டிராக்கின் ஒவ்வொரு ரவுண்டிலும் 6,500 சுற்றில் மூன்றாவதைத் தள்ளியிருக்கிறார். இரண்டாவதுக்கு இந்தப் பெட்டியில் மூன்றடுக்குக் கூம்பு, சுமையைப் பங்கு போட்டுத் தாங்கிக்கொண்டது. மூன்றாவதுக்கு ஒரே கூம்பு. ஆயில் பிறகு வந்து மிச்சத்தைக் கெடுத்தது.

ரிங்கும் ஸ்லீவும் மாற்றி, கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றிப் பூட்டினார்கள். முதல் 1,000 கிலோமீட்டர் 4,000 சுற்றுக்குள் ஓட்டச் சொன்னோம். தம்பி கேட்டார் என்றுதான் நம்புகிறேன்.

9,870 கிலோமீட்டரில் மறுபடி பார்த்தேன். கிளட்ச் பிடிக்கும் புள்ளி குளிரில் 57, சூட்டில் 54. ரிவர்ஸ் எந்த நிலையிலும் கடிக்கவில்லை. 6,500-இல் இரண்டிலிருந்து மூன்று, பத்து தடவை போட்டதில் பத்தும் சுத்தம். மேட் இருந்த இடத்தில் கம்பெனி கொடுத்த மெல்லிய கார்பெட், கொக்கியில் மாட்டியிருந்தது. மார்கழிக் காலையில் முதல் இரண்டு, மூன்று நிமிஷம் இரண்டாவது கியர் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது என்றார். அது இந்தப் பெட்டியின் குணம்தான். அந்த அளவுக்கு ஷோரூம்காரர்கள் முதலில் சொன்னதும் சரிதான். அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. பெரியவர் சொல்லிக் கொடுத்த டபுள் கிளட்சை இவர் காலையில் அடிக்கிறாராம்.